அப்பாவின் குறிப்பேடும் ஐந்து வால்வுகளும்

வீடு மாற்றும்போதுதான் வீட்டில் என்னென்ன இருக்கின்றன என்பது நமக்கே தெரியவருகிறது. மும்பை செம்பூரில் நாங்கள் பல்லாண்டுகள் குடியிருந்த பழைய கட்டடம் மறுகட்டுமானத்துக்காகக் காலி செய்யப்பட்டபோது, பரணிலிருந்து சாக்குத் துணியில் சுற்றிய பெட்டி ஒன்று இறங்கியது. உள்ளே ஓர் இரும்புத் தட்டு; அதன்மேல் இரண்டு கனத்த டிரான்ஸ்ஃபார்மர்கள், ஐந்து கண்ணாடி வால்வுகள். 1968ஆம் ஆண்டு அப்பா தம் கையாலேயே கட்டிய ஆம்ப்ளிஃபையர் அது. பெட்டியின் அடியில், அட்டை கிழிந்த குறிப்பேடு ஒன்றும் இருந்தது.

நாங்கள், கணவனும் மனைவியும், வங்கி அலுவலர்கள். இருவருமே வணிகவியல் படித்தவர்கள். வரவு செலவு தெரியும்; வால்வு தெரியாது. எடைக்குப் போட வேண்டியவை, எடுத்துச்செல்ல வேண்டியவை என இரண்டு பட்டியல்கள் தயாரித்துக்கொண்டிருந்தோம். இந்தப் பெட்டி இரண்டாம் பட்டியலில் சேர்ந்ததற்கு ஒரே காரணம், அதைக் கண்டதும் அப்பா நாற்காலியை விட்டு எழுந்து வந்ததுதான். அம்மா மறைந்த பிறகு, இரண்டு ஆண்டுகளாக, அவர் எதற்காகவும் அப்படி எழுந்து வந்ததில்லை.

அப்பாவுக்கு இப்போது வயது 82. பம்பாய்த் தொலைபேசித் துறையில் பணியாற்றி ஓய்வுபெற்றவர். கை நடுங்குகிறது, சால்டரிங் அயர்னை நிலையாகப் பிடிக்க இயலாது. ஆகவே அவர் சொல்ல நாங்கள் செய்வது என்று முடிவாயிற்று. எட்டு ஞாயிற்றுக்கிழமைகள் நீடித்த அந்தப் பணியில் கற்றவற்றையும், செய்த ஒரு பெரும் பிழையையும் இங்கே எழுதுகிறோம். வால்வு ரேடியோ, ரேடியோகிராம், ஆம்ப்ளிஃபையர் என ஏதேனும் ஒன்று உறங்கிக்கொண்டிருக்கும் வீடுகள் நம் நாட்டில் இன்னும் பல உண்டு.

வால்வு என்னும் மதகு

வால்வின் தத்துவத்தை அப்பா ஒரே உவமையில் விளக்கினார்: வாய்க்கால் மதகு. காற்று நீக்கப்பட்ட கண்ணாடிக் குடுவைக்குள் ஓர் இழை 6.3 வோல்ட் மின்சாரத்தில் சூடேறுகிறது. அச்சூட்டில் கேதோடு என்னும் குழலிலிருந்து எலெக்ட்ரான்கள் வெளிப்படுகின்றன. சுற்றியிருக்கும் ஆனோடு என்னும் தகடு ஏறத்தாழ 300 வோல்ட் மின்னழுத்தத்தில் நின்று அவற்றை ஈர்க்கிறது. இரண்டுக்கும் நடுவே கிரிட் என்னும் கம்பிச் சுருள். அதில் சிறிதளவு மின்னழுத்தம் ஏறி இறங்கினாலும் பெரும் ஓட்டம் கூடிக் குறைகிறது. மதகைச் சற்றே உயர்த்தினால் வாய்க்கால் முழுதும் நீர் பாய்வது போல, மெல்லிய ஒலிக்குறி பேரோசையாகிறது.

ஆங்கிலேய அறிவியலாளர் ஃபிளெமிங் 1904இல் முதல் வால்வை உருவாக்கினார். 1906இல் அமெரிக்கரான லீ டி ஃபாரஸ்ட் அதில் மூன்றாவது மின்முனையைச் சேர்த்தார். 1947இல் டிரான்சிஸ்டர் பிறந்த பிறகும் வால்வின் ஆட்சி மேலும் பல ஆண்டுகள் தொடர்ந்தது. நம் நாட்டில் பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் 1961இல் ரேடியோ வால்வுகளைத் தயாரிக்கத் தொடங்கியது. அப்பாவின் ஆம்ப்ளிஃபையரில் இருந்த வால்வுகளில் அந்நிறுவனத்தின் பெயரே பொறிக்கப்பட்டிருந்தது.

அவர் பின்பற்றிய வரைபடம் இங்கிலாந்தின் மல்லார்ட் நிறுவனம் 1950களில் வெளியிட்டது. 'ஐந்து-பத்து' என்பது அதன் பெயர். ஐந்து வால்வு, பத்து வாட் என்பது பொருள். முதலில் ஓர் ஈ.எஃப். 86, அடுத்து ஓர் ஈ.சி.சி. 83, ஸ்பீக்கரை இயக்கும் இரண்டு ஈ.எல். 84 வால்வுகள், மாறுமின்னோட்டத்தை நேர்மின்னோட்டமாக்க ஒரு ரெக்டிஃபையர் வால்வு. உலகெங்கும் ஆர்வலர்கள் வீட்டு மேசையில் கட்டிப் பார்த்த வரைபடம் அது. அப்பாவும் லேமிங்டன் ரோடு கடைகளில், மாதம் ஒரு பொருளாக வாங்கிச் சேர்த்துக் கட்டினார்.

முதல் விதி: சுவிட்சைப் போடாதீர்கள்

பழைய கருவி கையில் கிடைத்தவுடன் 'பாடுகிறதா பார்ப்போம்' என்று மின்சாரம் கொடுப்பதே எவரும் செய்யும் முதல் தவறு. எங்கள் கையும் பிளக்கை நோக்கித்தான் நீண்டது. அப்பா தடுத்துவிட்டார்.

காரணம் இதுதான். மின்சாரத்தைத் தேக்கிச் சீராக்கும் பெரிய எலெக்ட்ரோலிட்டிக் கண்டென்சர்களின் உள்ளே ஈரப்பசையுள்ள ஒரு கரைசலும், அலுமினியத்தின்மீது மெல்லிய ஆக்ஸைடு படலமும் உண்டு. ஆண்டுக்கணக்கில் மின்சாரம் காணாதபோது கரைசல் உலர்கிறது, படலம் நலிகிறது. திடீரென முழு மின்னழுத்தம் ஏறினால் கண்டென்சர் சூடேறி வெடிக்கலாம். அது குறுக்குச்சுற்று ஆகிவிட்டால் மெயின் டிரான்ஸ்ஃபார்மரும் எரிந்துபோகலாம். கண்டென்சர் கடையில் கிடைக்கும். 1968இல் சுற்றிய டிரான்ஸ்ஃபார்மர் கிடைக்காது.

ஆகவே முதல் ஞாயிறு தூரிகையும் கைவிளக்கும் மட்டுமே. தூசி துடைத்தோம். உப்பிய கண்டென்சர், மெழுகு கசிந்த இடம், கருகிய ரெசிஸ்டர், தொட்டால் உதிரும் ரப்பர் உறை ஆகியவற்றை ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டோம். வால்வுகளின் உச்சியில் வெள்ளி பூசினாற்போன்ற பளபளப்பு இருந்தது. காற்று புகுந்த வால்வில் அந்தப் பூச்சு வெளுத்துவிடும். ஐந்திலும் அது வெளுக்கவில்லை. பழைய கருவி பாடவில்லையென்றால் எல்லாரும் முதலில் வால்வைத்தான் ஐயுறுவார்கள். பெரும்பாலும் பழுது வேறிடத்தில் இருக்கும் என்றார் அப்பா.

இரண்டாம் ஞாயிறு, மின்சாரம் இல்லாமலேயே மல்டிமீட்டரால் அளந்தோம். டிரான்ஸ்ஃபார்மர்களின் சுருள்கள் எங்கும் அறுபடவில்லை. ரெசிஸ்டர்களில் சில மட்டும் அகவை கூடக் கூட மதிப்பும் கூடியிருந்தன. 1,00,000 ஓம் என்று வண்ணப்பட்டை சொன்ன ஒன்று 1,38,000 ஓம் காட்டியது. இருபது விழுக்காட்டுக்கு மேல் விலகியவற்றை மாற்றினோம், மற்றவற்றைத் தொடவில்லை.

கணக்கை நேர்செய்தல்

இனி அந்தக் குறிப்பேடு. முதல் பக்கத்தில் வரைபடம். இரண்டாம் பக்கம் முதல் ஒவ்வொரு வால்வின் ஒவ்வொரு காலிலும் எத்தனை வோல்ட் இருந்தது என்பதைத் தேதியிட்டு எழுதியிருந்தார். 1968, 1971, 1977 எனப் பல ஆண்டுகளின் அளவுகள் பத்தி பத்தியாக இருந்தன. எங்களுக்கு அது மின்னியலாகத் தோன்றவில்லை, பேரேடாகத் தோன்றியது. பழைய இருப்பு இங்கே; இன்றைய இருப்பை அளந்து அருகில் எழுதினால், வேறுபாடு எங்கே என்பது தானாகத் தெரியும். வங்கியில் நாள்தோறும் செய்யும் வேலைதான்.

வேறுபாடு எல்லாம் பிழையல்ல என்பதையும் அந்த ஏடு நினைவூட்டியது. பின்னர் மின்சாரம் கொடுத்து அளந்தபோது, ஈ.எஃப். 86 வால்வின் ஆனோடில் அப்பா 64 வோல்ட் என்று எழுதியிருக்க, எங்கள் மீட்டர் 90 காட்டியது. நாங்கள் பதறினோம், அவர் சிரித்தார். அன்றைய முள் மீட்டர் வோல்ட்டுக்கு 1,000 ஓம் கொண்டது; 250 வோல்ட் அளவுகோலில் வைத்தால் அது 2,50,000 ஓம் சுமையாகச் சுற்றில் சேர்ந்துகொள்ளும். 1,00,000 ஓம் ரெசிஸ்டர் வழியே வரும் மின்னழுத்தத்தை அளக்கும்போது அந்தச் சுமையே அளவைக் குறைத்துவிடும். இன்றைய டிஜிட்டல் மீட்டர் சுமை ஏற்றுவதே இல்லை எனலாம். காசோலை கொடுத்தாயிற்று, இன்னும் வசூலாகவில்லை. அதனால் இரு ஏடுகளின் இருப்பும் வேறுபடுகிறதல்லவா, அது போன்றது இது. திருத்த வேண்டியதில்லை, காரணம் தெரிந்தால் போதும்.

அம்மாவின் முடிச்சுகள்

இங்கேதான் நாங்கள் பிழை செய்தோம். தட்டின் அடிப்புறத்தில் மின்கம்பிகளெல்லாம் கற்றையாகச் சேர்த்து, மெழுகு தடவிய நூலால் விரற்கடைக்கு ஒரு முடிச்சாகக் கட்டப்பட்டிருந்தன. தொலைபேசி நிலையங்களில் கம்பிகளை அப்படித்தான் கட்டுவார்கள். ஆனால் இந்த முடிச்சுகள் அம்மா போட்டவை. திருமணமான புதிதில் அப்பா சால்டரிங் செய்ய, பூத் தொடுத்துப் பழகிய கையால் அம்மா நூல் கட்டினாராம்.

மாற்றவேண்டிய கண்டென்சர்களுள் ஒன்று அந்தக் கற்றைக்கு அடியில் இருந்தது. ஈ.சி.சி. 83இலிருந்து ஒலிக்குறியை மட்டும் கடத்தி, உயர் மின்னழுத்தத்தைத் தடுத்து நிறுத்தும் இணைப்புக் கண்டென்சர் அது. அதை எடுக்க வேண்டுமெனில் நான்கு முடிச்சுகளை அறுக்க வேண்டும். எங்களுக்கு மனம் வரவில்லை. மல்டிமீட்டரில் அளந்தோம், மதிப்பு சரியாகவே இருந்தது, கசிவும் தெரியவில்லை. 'நன்றாகத்தானே இருக்கிறது' என்று அதை விட்டுவிட்டு, மற்றவற்றை மட்டும் மாற்றினோம். அப்பாவிடம் சொல்லவில்லை.

ஐந்தாம் ஞாயிறு மின்சாரம் கொடுத்தோம்; நேரடியாக அல்ல. 60 வாட் இழை பல்பு ஒன்றைத் தொடராக இணைத்து, அதன் வழியே கொடுத்தோம். உள்ளே குறுக்குச்சுற்று இருந்தால் பல்பு முழு ஒளியுடன் எரிந்து கருவியைக் காக்கும். இல்லையெனில் முதலில் பளிச்சிட்டுப் பின் மங்கும். எல்.ஈ.டி. பல்பு இதற்குப் பயன்படாது. எங்கள் பல்பு மங்கியது. ஸ்பீக்கரையும் இணைத்திருந்தோம், சுமையின்றி ஓட்டினால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் கெடக்கூடும். எல்லாம் சரியென்று எண்ணிப் பல்பை நீக்கி முழு மின்சாரம் கொடுத்தோம்.

சில நிமிடங்கள் கழிந்தன. குறிப்பேட்டின்படி ஈ.எல். 84 ஒவ்வொன்றின் கேதோடிலும் 11 வோல்ட் இருக்க வேண்டும். வலப்பக்கத்தில் 11. இடப்பக்கத்தில் 14, பிறகு 15, பிறகு 17. கேதோடு ரெசிஸ்டர் 270 ஓம். பதினொன்றை 270ஆல் வகுத்தால் 41 மில்லிஆம்பியர். பதினேழை வகுத்தால் 63. அந்த வால்வின் ஆனோடு தாங்கக்கூடியது 12 வாட் மட்டுமே. 300 வோல்ட்டில் 63 மில்லிஆம்பியர் என்பது அதைவிட வெகு அதிகம். நாங்கள் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும்போதே, கண்ணாடிக்குள் இருந்த கருந்தகடு அடுப்புக் கங்குபோல் சிவக்கத் தொடங்கியது. அப்பா கேட்ட குரலில் நாங்கள் பிளக்கையே உருவிவிட்டோம்.

"எதை மாற்றாமல் விட்டீர்கள்?" என்று மட்டும் கேட்டார். சொன்னோம்.

மல்டிமீட்டர் சோதித்தது சில வோல்ட்டில். கண்டென்சர் தாங்கவேண்டியது சில நூறு வோல்ட். தாழ்ந்த மின்னழுத்தத்தில் நல்லதாகத் தெரியும் பழைய காகிதக் கண்டென்சர், உயர் மின்னழுத்தத்தில் சூடேற ஏறக் கசியும். அந்தக் கசிவு கிரிட்டை அடைந்தால் மதகு மூடாமல் திறந்தே நிற்கும். சற்றுத் தாமதித்திருந்தால் வால்வு போயிருக்கும். வால்வோடு அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரும் போயிருக்கக்கூடும்.

அப்பா நெடுநேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "வங்கியில் இருக்கிறீர்கள். செல்லாத நோட்டை, அம்மா கொடுத்தது என்று கல்லாவில் வைத்திருப்பீர்களா? அவள் இந்த முடிச்சைப் போட்டது பார்த்துக்கொண்டிருப்பதற்கு அல்ல, பாட்டுக் கேட்பதற்கு. அறுங்கள்."

அறுத்தோம். புதிய கண்டென்சர் வைத்தோம். அறுத்த இடத்தில், பாட்டியிடம் பூத்தொடுக்கக் கற்றிருந்த எங்கள் மகள் மெழுகு நூலால் நான்கு முடிச்சுகளைப் போட்டாள். மூன்றாவது சற்றுக் கோணலாக விழுந்தது. பிரித்துப் போடவா என்று கேட்டாள். வேண்டாம் என்றார் தாத்தா.

மேம்பாடு எதுவரை?

மீட்பது வேறு, மேம்படுத்துவது வேறு. மீட்பது பழைய நிலைக்குக் கொண்டுவருவது. மேம்படுத்துவது அன்றில்லாத ஒன்றைச் சேர்ப்பது. பின்னதில் ஆசைக்கு அளவு வேண்டும். கடைக்காரர் ஒருவர், 50 மைக்ரோஃபாரட் கண்டென்சருக்குப் பதிலாக 220 போட்டால் இரைச்சலே இருக்காது என்றார். கேட்க நன்றாகவே இருந்தது. ஆனால் எங்கள் ரெக்டிஃபையர் ஈ.இசட். 81. அதன் முதல் கண்டென்சர் 50 மைக்ரோஃபாரட்டுக்கு மேல் போகலாகாது என்பது அதைத் தயாரித்தவர்களே விதித்த வரம்பு. பெரிய கண்டென்சர் நிரம்ப இழுக்கும் மின்னோட்டத்தை அந்த வால்வு தாங்காது. தகுதிக்கு மீறிய கடனைப் போன்றதே அதுவும்.

நாங்கள் செய்த மேம்பாடுகள் நான்கே. முதலாவது, இரண்டு பின் பிளக்கை நீக்கி மூன்று கம்பி மின்வடம் இட்டு, இரும்புத் தட்டை எர்த்துடன் இணைத்தோம். இரண்டாவது, மின்சாரம் நுழையுமிடத்தில் ஃபியூஸ் வைத்தோம். 1968இல் இவ்விரண்டும் இல்லை. உயிர்க்காப்பில் பழைமை பாராட்டுதல் அறிவுடைமை ஆகாது. மூன்றாவது, டிரான்ஸ்ஃபார்மரின் இணைப்பை 220இலிருந்து 240க்கு மாற்றினோம். எங்கள் வீட்டில் மின்னழுத்தம் 238 வோல்ட். 220 இணைப்பில் இழைகளுக்கு 6.3க்குப் பதிலாக 6.8 வோல்ட் போய்க்கொண்டிருந்தது. வால்வின் ஆயுளைக் குறைக்கும் மிகை அது. நான்காவது, கைப்பேசியிலிருந்து பாட்டுக் கேட்க ஓர் இணைப்பு வடம். கைப்பேசியில் இரு தடங்கள், ஆம்ப்ளிஃபையரில் ஒன்றே. இரண்டையும் நேராக முறுக்கி இணைக்காமல், தலா 1,000 ஓம் ரெசிஸ்டர் வழியே சேர்த்தோம். அதைப் பிளக்கினுள்ளேயே அடக்கியதால் பெட்டியில் ஒரு துளையும் இடவில்லை. நாளை வேண்டாமென்றால் கழற்றிவிடலாம். பழைய பொருளில் செய்யும் மாற்றம் திரும்பப்பெறக் கூடியதாக இருக்க வேண்டும் என்பதே அப்பாவின் அளவுகோல்.

செலவைக் கூட்டிப் பார்த்தபோது, வால்வு எதுவும் வாங்க நேராததால், 4,000 ரூபாய்க்குள் முடிந்திருந்தது. வால்வு தேவைப்படுவோருக்கு வழி அடைந்துவிடவில்லை. ரஷ்யா, ஸ்லோவாக்கியா, சீனா ஆகிய நாடுகளில் இன்றும் தயாராகின்றன. உதிரிப்பொருள்களுக்கு மும்பையில் லேமிங்டன் ரோடு, தில்லியில் லஜ்பத் ராய் மார்க்கெட், பெங்களூரில் எஸ்.பி. ரோடு, சென்னையில் ரிச்சி தெரு ஆகியவை உண்டு.

ஓர் எச்சரிக்கையை அழுத்தமாகச் சொல்ல வேண்டும். வால்வு ஆம்ப்ளிஃபையரில் உள்ள மின்னழுத்தம் உயிரைப் போக்கவல்லது. பிளக்கை உருவிய பின்னும் கண்டென்சர்களில் அது தங்கியிருக்கும். காப்புறையிட்ட கம்பிகளுடன் கூடிய 10,000 ஓம், 5 வாட் ரெசிஸ்டரால் பத்து விநாடிகளேனும் இணைத்து வடியவிட்டு, மீட்டரால் உறுதிசெய்த பிறகே கை வைக்க வேண்டும். மின்சாரம் இருக்கும்போது அளந்தால் ஒரு கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள்ளுங்கள். தனியாக இருக்கும்போது செய்யாதீர்கள். அனுபவமுள்ளவர் அருகில் இல்லையெனில், அறிந்த மெக்கானிக்கிடம் கொடுப்பதே நன்று. எங்களுக்கு அப்பா இருந்தார்.

அது இன்றைய கருவிகளைவிட நன்றாகப் பாடுகிறதா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். அளவுகளின்படி பார்த்தால் இன்றைய சாதாரண ஆம்ப்ளிஃபையரின் பிழை இதைவிடக் குறைவு. வால்வின் பிழை செவிக்கு இதமான பிழை. உச்சத்தைத் தொடும்போது சட்டென்று வெட்டாமல் மெல்ல வளையும். அதற்குமேல் நாங்கள் உரிமை கொண்டாடவில்லை. கணக்கு ஏட்டில் தேய்மானம் கழித்துக்கொண்டே வந்தால் இதன் மதிப்பு இன்று மிகச் சொற்பம். ஆனால் குறைந்து செல் மதிப்பு முறையில் அது ஒருபோதும் பூச்சியம் ஆவதில்லை என்பது வணிகவியல் மாணவர் அறிந்ததே.

எட்டாம் ஞாயிறு மாலை, இடம் 11.2, வலம் 11 என்று மீட்டர் காட்டியது. ஒரு மணி நேரம் கழித்தும் அது மாறவில்லை. குறிப்பேட்டில் புதிய பத்தி ஒன்றைக் கோடிட்டு, தேதியும் அளவுகளும் மகள் எழுத, அப்பா நடுங்கும் கையால் கீழே கையொப்பமிட்டார். பிறகு எழுந்து ஸ்பீக்கருக்கு அருகில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். அந்த நாற்காலி இப்போதும் அங்கேதான் இருக்கிறது.